முந்திரிக்கொத்தும் சாக்லேட் சிப் குக்கீஸும்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், எந்தத் தளத்தில் குக்கீஸ் வேகிறது என்று லிஃப்டுக்குள் நின்றே சொல்லிவிடலாம். வெண்ணெய் வாசனை அப்படி. சற்று நேரத்தில் ஒரு பிள்ளை தட்டோடு வந்து அழைப்பு மணியை அழுத்தும். "அம்மா தரச் சொன்னாங்க, அங்கிள். வீட்டில செஞ்சது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு ஓடும்.

இதைப் பற்றி நம்மில் வயதானவர்கள் பேசும்போது இரண்டு கருத்துகள் வரும். "நம்ம முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் போச்சு, வெள்ளைக்காரன் பிஸ்கட் வந்தாச்சு" என்பது ஒன்று. "அந்தக் காலத்தில் ஊரே பகிர்ந்து உண்டோம், இப்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்" என்பது மற்றொன்று. இரண்டையும் பலமுறை கேட்டுவிட்ட பிறகு, இவை எந்த அளவுக்குச் சரி என்று பார்க்கத் தோன்றியது. வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்கைச் சரிபார்த்த பழக்கம் போகவில்லை. பார்த்ததில் கிடைத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சொல்லின் கதை

முதலில் 'குக்கி' என்ற சொல். இது ஆங்கிலச் சொல் போலத் தெரிந்தாலும் ஆங்கிலத்துக்கு வந்தது டச்சு மொழியிலிருந்து. டச்சில் 'கூக்' என்றால் கேக். 'கூக்யே' என்றால் சின்னக் கேக். இன்றைய நியூயார்க் நகரம் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்த காலத்தில் இந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் நுழைந்தது. அதனால்தான் பிரிட்டிஷ்காரர் 'பிஸ்கட்' என்று சொல்வதை அமெரிக்கர் 'குக்கி' என்கிறார்கள்.

டச்சுக்காரர் நமக்கும் அந்நியர் அல்லர். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றவர்கள் அவர்கள்தான். அந்தப் போரை ஒட்டிப் பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இன்று புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் உறங்குகிறார். தக்கலைப் பக்கம் போகும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம்.

குளச்சலில் தோற்றாலும், கடலுக்கு அப்பால் இலங்கைக் கரையோரத்தை 1658 முதல் 1796 வரை டச்சுக்காரர்தான் ஆண்டார்கள். அங்கே சித்திரைப் புத்தாண்டுக்கு 'கொக்கிஸ்' என்று ஒரு பலகாரம் செய்வார்கள். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கரைத்து, பூப் போன்ற அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. 'கூக்யே' என்ற டச்சுச் சொல்லே கொக்கிஸ் ஆனது என்று அங்கே சொல்வார்கள். செய்முறையைப் படித்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும், இது நம் அச்சு முறுக்கின் கூடப்பிறந்தது. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இதற்கு 'ரோஸ் குக்கீஸ்' என்றே பெயர். ஆக, குக்கி என்ற சொல்லும் குக்கியின் உறவினரும் நம் பக்கத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது வந்திருப்பது சாக்லேட் சிப் மட்டும்தான்.

நூறு குக்கிக்கான ஒரு குறிப்பு

சாக்லேட் சிப் குக்கிக்குப் பிறந்த ஊர், தாய் இரண்டும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற சிற்றூர். அங்கே 1930இல் ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண்மணியும் அவர் கணவரும் ஒரு பழைய வீட்டை வாங்கி, 'டோல் ஹவுஸ் இன்' என்று பெயரிட்டு உணவகம் நடத்தினார்கள். ரூத் மனையியல் படித்தவர், உணவியல் நிபுணராக வேலை பார்த்தவர்.

இந்தக் குக்கி பற்றி ஒரு கதை உலவுகிறது. மாவில் போட வேறு சாக்லேட் இல்லாமல், கையிலிருந்த கட்டியை உடைத்துப் போட்டாராம். உருகிவிடும் என்று நினைத்தது உருகாமல் துண்டாகவே நின்றதாம். அப்படித் தற்செயலாகக் கிடைத்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரூத் பின்னாளில் கூறியது வேறு. தன் விடுதியில் ஐஸ்கிரீமுடன் பரிமாறி வந்த ஒரு மெல்லிய குக்கிக்கு மாற்றாகப் புதிதாக ஒன்று தர வேண்டும் என்று யோசித்துச் செய்ததுதான் இது. படித்த பெண் முயன்று கண்டுபிடித்ததை உலகம் தற்செயல் என்று எழுதி வைத்தது. நம் வீட்டுச் சமையலுக்கும் இந்தக் கதி உண்டு. "அம்மா கைப்பக்குவம்" என்போமே தவிர, அம்மா எத்தனை தடவை பாகு பதம் தவறி, மறுபடி காய்ச்சிக் கற்றுக்கொண்டாள் என்று கேட்பதில்லை.

1938இல் ரூத்தின் சமையல் புத்தகத்தில் இந்தக் குறிப்பு அச்சானது. அடுத்த ஆண்டே நெஸ்லே நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்து, சாக்லேட்டைச் சின்னத் துளிகளாகவே தயாரித்து, பொட்டலத்தின் பின்புறம் அவர் குறிப்பை அச்சிட்டது. அதற்கு ஈடாக அவருக்கு ஒரு டாலரும் ஆயுள் முழுக்கச் சாக்லேட்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு குமாஸ்தாவாக எனக்கு அந்தப் பேரம் உறுத்துகிறது!

இரண்டாம் உலகப் போர்தான் இந்தக் குக்கியை மாசசூசெட்ஸைத் தாண்டிக் கொண்டுபோனது. அந்த மாநிலத்து வீரர்களுக்கு வீட்டிலிருந்து குக்கீஸ் பொட்டலங்கள் போயின. பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறு மாநிலத்து வீரர்கள் ருசி பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் எழுதினார்கள். கடைசியில் 1997இல் இதையே தன் அதிகாரப்பூர்வக் குக்கியாக அந்த மாநிலம் அறிவித்தது.

ரூத்தின் மூலக் குறிப்பில் என் கண்ணில் பட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த அளவுக்குச் செய்தால் மொத்தம் 100 குக்கி வரும் என்று போட்டிருக்கிறது. அரை டீஸ்பூன் அளவே உள்ள சின்னக் குக்கிதான். ஆனாலும் நூறு. எந்தக் குடும்பமும் தான் மட்டும் தின்பதற்கு நூறு செய்யாது.

குற்றாலத்துக் கோகோ

சாக்லேட்டுக்கு மூலப்பொருள் கோகோ. அது தென்னமெரிக்க, மத்திய அமெரிக்கக் காட்டு மரம். இந்தியாவுக்கு எப்போது வந்தது என்று பார்த்தால், நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1796இல் டச்சுக்காரர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த தீவுகளில் ஒன்று, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போய்னா. அந்தத் தீவிலிருந்து கோகோ கன்றுகளைக் கொண்டுவந்து 1798இல் கம்பெனியார் நட்ட இடம் குற்றாலம். சாரல் சீசனில் நாம் குளிக்கப் போகும் அதே குற்றாலம்தான்.

அந்த முயற்சி பெரிய அளவில் தொடரவில்லை. வணிக ரீதியாகக் கோகோ பயிரானது 1965க்குப் பிறகு, கேட்பரி நிறுவனம் கேரளத்தில் அதை ஊக்குவித்தபோதுதான். தென்னைக்கு இடையே நிழலில் வளரும் பயிர் என்பதால் பின்னர் பொள்ளாச்சி போன்ற தென்னை வளமுள்ள பகுதிகளுக்கும் பரவியது. நாம் 'வெளிநாட்டுச் சரக்கு' என்று நினைக்கும் சாக்லேட்டின் மரம் இந்த மண்ணில் கால் வைத்து 200 வருடத்துக்கு மேல் ஆகிறது.

முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

இப்போது நம் பலகாரத்துக்கு வருவோம். வெளியூரிலிருந்து வந்து நம் குடியிருப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "முந்திரிக்கொத்தில் முந்திரியே இல்லையே?" நியாயமான கேள்விதான். நம் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தது. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சை. பிற தமிழ்நாட்டார் முந்திரிப் பருப்பு என்று சொல்வதை நாம் அண்டிப்பருப்பு என்போம். ஆகவே முந்திரிக்கொத்து என்றால் திராட்சைக் கொத்து. மூன்று உருண்டையைச் சேர்த்து மாவில் முக்கிப் பொரித்தால் கொத்தாகத் தெரியுமே, அதுதான் பெயர்க்காரணம். நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கத்திலும் இதே பலகாரம் இதே பெயரில் இருக்கிறது.

செய்முறை தெரியாத இளையவர்களுக்காக: சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்துக்கொள்ள வேண்டும். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள், ஏலம், சுக்கு சேர்த்து, வெல்லப் பாகு அல்லது கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். உருண்டை காய்ந்ததும், மஞ்சள் பொடியும் உப்பும் சேர்த்துக் கரைத்த அரிசி மாவில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரிக்க வேண்டும்.

இதையும் சாக்லேட் சிப் குக்கியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ருசியில் சம்பந்தமே இல்லை. ஆனால் தன்மையில் மூன்று ஒற்றுமைகள் உண்டு.

முதலாவது, இரண்டிலும் ஈரம் குறைவு. பயறையும் தேங்காயையும் வறுப்பதில் நீர் போய்விடுகிறது. மிச்ச நீரைப் பாகு பிடித்து வைத்துக்கொள்கிறது. குக்கியில் அதே வேலையை ஓவன் சூடும் சர்க்கரையும் செய்கின்றன. அதனால் இரண்டுமே பல நாள் கெடாது, தூரம் போகும். அமெரிக்க வீரருக்குப் போர்முனைக்குக் குக்கி போனது போல, எழுபதுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளின் பெட்டியில் முந்திரிக்கொத்து போயிருக்கிறது.

இரண்டாவது, இரண்டையும் எண்ணிக் கொடுக்கலாம். பாயசத்தை எண்ண முடியாது.

மூன்றாவது, இரண்டும் கொஞ்சமாகச் செய்யக்கூடியவை அல்ல. வறுக்க, திரிக்க, பாகு காய்ச்ச, உருட்ட என்று இத்தனை பாடு இருக்கும்போது யாரும் பத்து உருண்டைக்காக அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஒரு தடவைக்கு வேகும் அளவை நாம் ஈடு என்போம். வங்கியில் ஈடு என்றால் கடனுக்குக் காட்டும் பிணை. அடுக்களையில் ஈடு என்றால் ஒரு தடவைப் பலகாரம். இரண்டு ஈடு போட்டாலே வீட்டுத் தேவைக்கு மிஞ்சிவிடும். மிஞ்சுவதைக் கொடுத்தாக வேண்டும். பகிர்தல் என்ற குணம் செய்முறைக்குள்ளேயே இருக்கிறது.

அடுக்களையில் ஓவன் இல்லை

நம் பழைய பலகாரங்களைப் பட்டியல் போட்டால் ஒன்று தெரியும். ஒன்று எண்ணெயில் பொரித்தது, அல்லது ஆவியில் வேகவைத்தது. திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை ஆவியில் வேகும், முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் எண்ணெயில் வேகும். மூடிய சூட்டில் வேகவைக்கும் பழக்கம், அதாவது பேக்கிங், நம் வீட்டில் இல்லை. அது பேக்கரிக்காரர் தொழில். ஈழத்தில் பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று அழகான தமிழ்ச்சொல் உண்டு.

நம் மேற்குக் கரையில் இந்தத் தொழிலின் புகழ்பெற்ற தொடக்கம் தலச்சேரி. பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுவந்த மாம்பள்ளி பாபு 1880இல் அங்கே பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டித் தோட்டத்து மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். அதில் பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாபு அதற்குப் பதிலாக உள்ளூரில் முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் காய்ச்சிய சாராயத்தைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அது இன்றும் பேசப்படுகிறது. ஒன்பது வருடம் கழித்து, 1892இல், கல்கத்தாவில் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய ஒரு சின்ன பிஸ்கட் தொழில்தான் பின்னாளில் பிரிட்டானியா ஆனது.

நம் பக்கத்திலேயே தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அண்டிப்பருப்புப் பொடி மூன்றே பொருள். வாயில் போட்டால் கரையும். அதுவும் பேக்கரிச் சரக்குதான், வீட்டுச் சரக்கு அல்ல. ஓவன் என்பது கடையில் இருந்தது. வீட்டில் இருந்தது விறகடுப்பு.

யாருக்குக் கொடுத்தோம்?

இனி இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஊரே பகிர்ந்து உண்டதா?

உறவுக்குள் பகிர்ந்தோம் என்பது நிச்சயம். கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு 'அடுக்களை காண' போவார்கள். நம் மகள் சமைக்கப்போகும் அடுக்களை எப்படி என்று பார்க்கும் சாக்கு. பெட்டி பெட்டியாகப் பலகாரம் போகும். அது அங்கே சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கப்படும். பலகாரத்தின் எண்ணிக்கையிலும் அளவிலும் பெண் வீட்டாரின் மதிப்பு இருந்தது. அதனால் பல வீடுகளில் கடனும் இருந்தது. அதைச் செய்து முடிக்கும் பெண்களின் முதுகு வலியும் இருந்தது.

ஆனால் உறவுக்கு வெளியே? சமைத்த உணவு சாதிக்கு வெளியே போவதும் வருவதும் பழைய திருவிதாங்கூரில் எளிதாக இல்லை. பிறருக்குக் கொடுப்பதென்றால் அரிசி, காய்கறி, வாழைக்குலை என்று பச்சையாகக் கொடுப்பார்கள். உப்பும் நெருப்பும் பட்ட பண்டம் என்றால் யார் கை பட்டது என்ற கேள்வி வரும். கோயிலுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்று மகாராஜா சித்திரைத் திருநாள் அறிவித்ததே 1936 நவம்பர் 12 அன்றுதான். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1926இல், கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக நம் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. தெருவுக்கே அந்த நிலை என்றால் அடுக்களையைக் கேட்கவா வேண்டும்?

இதை உடைக்க முயன்றவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து, சேர்ந்தமர்ந்து உண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அந்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது. கொச்சிக்குப் பக்கத்தில் செறாயியில் 1917இல் சகோதரன் ஐயப்பன் பல சாதியாரும் சேர்ந்து உண்ணும் விருந்து நடத்தினார். அதற்காக ஊரார் அவரை இழிபெயர் வைத்து அழைத்தார்கள். சேர்ந்து சாப்பிடுவது அன்று ஒரு போராட்டம்.

என் சிறுவயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், நான் பார்த்ததையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அக்கா தட்டில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தனுப்புவார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். பிள்ளைகள் நாங்கள் போட்டி போட்டுத் தின்போம். பாட்டி மட்டும் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் தொட மாட்டாள். அதே பாட்டி காய்ச்சல் வந்தால் முக்குக்கடை பேக்கரி ரஸ்க்கைக் கட்டன் சாயாவில் முக்கி நிம்மதியாகச் சாப்பிடுவாள். அந்த ரஸ்க்கைப் பிசைந்தவர் யார், சுட்டவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கியதால் அந்தக் கேள்வி எழவில்லை போலும். பேக்கரி ஓவன் யாருக்கும் தெரியாமலே ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. கை எவருடையது என்று கேட்காமல் உண்ண நம் முன்னோரைப் பழக்கியது.

அடுத்த கட்டத்தை நான் அலுவலகத்தில் பார்த்தேன். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிளைகள் பெருகின, எல்லாச் சமூகத்திலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். மதியம் ஒரே மேசையில் ஏழெட்டு டிபன் பாத்திரம் திறக்கும். ஒருவர் வீட்டு மீன்குழம்பு, இன்னொருவர் வீட்டுப் புளிசேரி, ரம்ஜானுக்கு ஒருவர் கொண்டுவரும் பிரியாணி. மேனேஜருக்கும் ப்யூனுக்கும் ஒரே கிண்ணத்து ஊறுகாய். யாரும் இதைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பசிதான் காரணம். ஆனால் வீட்டில் சமைத்த உணவு வீட்டைத் தாண்டி, உறவைத் தாண்டி, தினமும் கைமாறியதை நான் முதலில் பார்த்தது அந்த மேசையில்தான்.

ஆகவே என் கணக்கில் விடை இதுதான். ஊரே பகிர்ந்து உண்ட பொற்காலம் ஒன்று இருந்து, அதை நாம் தொலைத்துவிடவில்லை. கதவு எண்ணை மட்டும் பார்த்து, உள்ளே இருப்பவர் யார் எவர் என்று பாராமல், வீட்டில் செய்த பண்டத்தை நீட்டுவது நம் தலைமுறையில் வந்த புதுப் பழக்கம். அடுக்குமாடியின் நடைபாதை அதற்கு இடம் கொடுத்தது. குக்கித் தட்டோடு ஓடும் பிள்ளைக்கு இது தெரியாது. தெரியாமல் அது இயல்பாகச் செய்வதே பெரிய விஷயம்.

வீட்டுக்குள் வந்த ஓவன்

இண்டேன் எரிவாயு 1965இல் அறிமுகமானது. நம் ஊர் அடுக்களைகளுக்கு சிலிண்டர் வந்து சேர மேலும் பல வருடங்கள் ஆயின. அதன் பிறகு, அடி கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, மேலே கேக் தட்டை வைத்து மூடி வேகவைக்கும் உத்தி சில வீடுகளில் வந்தது. குக்கரில் விசில் போடாமல் கேக் செய்தவர்களும் உண்டு. பிறகு மைக்ரோவேவ், ஓ.டி.ஜி. என்று வந்தன. 2020 ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது பல வீடுகளில் ஓவன் மூலையிலிருந்து எழுந்து வந்தது. நம் குடியிருப்பில் இன்று நன்றாக பேக் செய்யும் பலர் அப்போது கற்றவர்கள்தான். அவர்களில் ஆண் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முந்திரிக்கொத்து உருட்டிய காலத்தில் அது பெண்கள் பாடு மட்டுமாகவே இருந்தது.

ஒரு ஈட்டுக்கான கணக்கு

வரலாறு எழுதிவிட்டு அளவு சொல்லாமல் போனால் யாரும் விட மாட்டீர்கள். மருமகளிடம் கேட்டு, எடை போட்டுச் சரிபார்த்தது இது. சுமார் 24 குக்கி வரும்.

உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 75 கிராம், முட்டை 1, மைதா 150 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சாக்லேட் சிப்ஸ் 120 கிராம், வெனிலா சில சொட்டு. முட்டை சேர்க்காதவர்கள் மூன்று மேசைக்கரண்டி பால் விடலாம்.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் நுரைக்கக் கலக்கி, முட்டையும் வெனிலாவும் சேர்த்து, பிறகு சலித்த மாவு, சோடா, உப்பு. கடைசியில் சிப்ஸ். மாவு சேர்த்தபின் அதிகம் பிசையக் கூடாது, பிசைந்தால் குக்கி கட்டியாகும். நம் ஊர் வெக்கைக்கு வெண்ணெய் சீக்கிரம் இளகிவிடும். ஆகவே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, இடைவெளி விட்டுத் தட்டில் வையுங்கள். 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் சிவந்து நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும்.

அமெரிக்கக் குறிப்பில் பழுப்புச் சர்க்கரை என்று இருக்கும். அதில் உள்ள கரும்புப் பாகுதான் குக்கியை மெத்தென்று வைக்கிறது. நம் நாட்டுச் சர்க்கரையிலும் அந்தப் பாகு இருப்பதால் பொருந்துகிறது. முந்திரிக்கொத்துக்கும் குக்கிக்கும் இடையே இப்படி ஒரு சம்பந்தமும் ஏற்பட்டுவிடுகிறது.

கொடுப்பவருக்குச் சில வார்த்தைகள்

இந்தப் பழக்கம் புதிது என்றேன். புதியது என்பதால் சீக்கிரம் மறையவும் கூடும். இப்போதே தீபாவளிக்குக் கடைப்பெட்டியை ஆப்பில் பதிவு செய்துவிட்டால், டெலிவரிப் பையன் நேரே வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் பார்ப்பதில்லை. நேரம் இல்லாதவர்களைக் குறை சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு ஈடு போட முடிந்தால் போடலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

கொடுக்கும்போது முட்டை, பருப்பு வகை சேர்த்திருந்தால் தட்டின் மேல் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். சிலருக்கு ஒவ்வாமை இருக்கும், சிலர் முட்டை சாப்பிட மாட்டார்கள். என்னைப் போலச் சர்க்கரைக்காரருக்கு ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்றைத் தவறாமல் கொடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் உண்டு. அவர்கள் கதவை முதலில் தட்டுங்கள். இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டு வந்தால் குக்கி ஆறிப்போகாது.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை சர்க்கரையாவது, இரண்டு மட்டிப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். குக்கி வந்த தட்டில் நான்கு முந்திரிக்கொத்து திரும்பிப் போனால் இரண்டு பலகாரமும் பிழைத்துக்கொள்ளும். முந்திரிக்கொத்து செய்யத் தெரிந்த பெரியவர்கள் யாராவது, விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹாலில் சொல்லிக் கொடுக்க முன்வந்தால், பயறு வறுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.